சோதனைக் கணினி அவ்வப்போது இழுக்கிறதா? ரீஸ்டார்ட் பட்டனைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

நேற்று வரை ஏழு நிமிடத்தில் முடிந்த தானியங்கிச் சோதனை இன்று பதினொரு நிமிடம் எடுக்கிறது. நிரலில் மாற்றம் இல்லை, கணினியிலும் மாற்றம் இல்லை. மறுபடி ஓட்டினால் ஏழு நிமிடத்தில் முடிகிறது. முழுக்கப் படுத்துவிட்ட கணினியைச் சரிசெய்வது சுலபம். இப்படி வந்து வந்து போகிற சுணக்கம்தான் ஆளைக் கொல்லும், ஏனென்றால் நாம் பார்க்க உட்காரும் நேரத்தில் அது இருக்காது.

வாளையார், கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிச் சிறிய அறைகளில் பத்துப் பதினைந்து மெஷின்களை அடுக்கிச் சோதனை ஓட்டுபவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. பெரிய டேட்டா சென்டருக்கான கையேடுகள் ஏசி எப்போதும் ஓடும், கரன்ட் எப்போதும் சீராக இருக்கும் என்று வைத்துக்கொண்டு பேசும். நம் பக்கத்தில் அந்த இரண்டையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சுணக்கம் தெரிந்தவுடன் செய்யக்கூடாதவை இரண்டு. ஒன்று, ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்பது பெரும்பாலும் உண்மைதான், அதுவே சிக்கல். நினைவகத்தை விழுங்கிக்கொண்டிருந்த புரோகிராம் செத்துவிடும். சூட்டினால் வேகம் குறைந்த தடவைகளை எண்ணிவைத்த கணக்கு பூஜ்யமாகிவிடும். கெர்னலின் (இயக்க முறைமையின் மையப் பகுதியின்) எச்சரிக்கைகள் திரையை விட்டுப் போய்விடும். தடயம் அத்தனையும் அழிந்து, அடுத்த வாரம் அதே இடத்தில் நிற்போம். இரண்டு, சோதனையின் டைம்அவுட்டை, அதாவது எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பை, கூட்டுவது. முப்பது நொடியை அறுபதாக்கினால் சிவப்பு பச்சையாகும், அவ்வளவுதான். நிரலே உண்மையில் மெதுவான அன்று யாருக்கும் தெரியாமல் போகும்.

முதலில் பதிவு

ஆராய்வதற்கு முன்னால் தானாகப் பதிவாகும்படி செய்துவிடுங்கள். சுணக்கம் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் காலையில் வந்து பார்க்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

ஒவ்வொரு சோதனை ஓட்டத்துக்கும் முன்னால், எப்போதும் மாறாத ஒரு சின்ன அளவுச் சோதனையை வையுங்கள். அதில் நான்கு வேலை போதும். நினைவகத்தில் இருக்கும் 2 ஜிபி தரவுக்கு ஷா256 (தரவின் கைரேகை போன்ற எண்) கணக்கிடுவது, முதலில் ஒரு கோரில், பிறகு எல்லாக் கோர்களிலும். வட்டில் 1 ஜிபி எழுதி எஃப்சிங்க் (தரவை உண்மையிலேயே வட்டில் இறக்கும் கட்டளை) முடியும் வரை காத்திருப்பது. உள்வலையமைப்பில் இருக்கும் சர்வரிலிருந்து 100 எம்பி கோப்பை இறக்குவது. ஒரு பெயரை டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு வலை முகவரி சொல்லும் சேவையில்) தேடுவது. இவை நான்குக்கும் ஆன நேரத்தை அரை நிமிடத்துக்குள் அளந்து, தேதி, மணி, மெஷின் பெயர், சிபியு சூடு, அறைச் சூடு ஆகியவற்றோடு ஒரே வரியில் எழுதிவையுங்கள். உண்மையான சோதனை இழுத்த நாளில் இந்த நான்கில் எது சேர்ந்து இழுத்தது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நான்கும் வழக்கம்போல் இருந்து சோதனை மட்டும் இழுத்தால், கணினியை விட்டுவிட்டுச் சோதனை நிரலையே பாருங்கள்.

நேரத்தை மானடானிக் கடிகாரத்தில் (திடீரென்று தாவாமல் முன்னோக்கியே ஓடும் கடிகாரத்தில்) அளக்க வேண்டும். சாதாரணக் கடிகாரத்தை என்டிபி (வலையமைப்பு வழியே மணியைச் சரிசெய்யும் சேவை) நடுவில் திருத்திவிட்டால், நடக்காத சுணக்கம் நடந்ததாகக் கணக்கு காட்டும்.

கூடவே சிஸ்ஸ்டாட் தொகுப்பை நிறுவி, அதிலுள்ள 'சார்' கருவி கணினியின் நிலையைப் பதியும் இடைவெளியை ஒரு நிமிடமாக்குங்கள். நிறுவியபடியே விட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் எழுதும். நான்கு நிமிடச் சுணக்கம் அந்தச் சராசரியில் கரைந்துவிடும். லினக்ஸ் கெர்னல் 4.20 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ப்ராக் கோப்பகத்துக்குள் 'பிரஷர்' என்ற அடைவைப் பாருங்கள். சிபியு, மெமரி, ஐஓ ஒவ்வொன்றுக்காகவும் வேலைகள் எத்தனை சதவீத நேரம் காத்துக்கிடந்தன என்று அங்கே நேராகவே இருக்கும். சில லினக்ஸ் வகைகளில் இதை பூட் அளவுருவில் (கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பில்) இயக்க வேண்டியிருக்கும். லோடு ஆவரேஜை (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை) விட இந்த எண்களைத்தான் நம்பலாம்.

அறைச் சூட்டுக்கு டிஎஸ்18பி20 போன்ற மலிவான சென்சார் போதும். அதை ஏசிக்குக் கீழே தொங்கவிடாதீர்கள். மெஷின் காற்றை உள்ளிழுக்கும் பக்கத்தில், மேல் தட்டின் உயரத்தில் கட்டுங்கள். ஏசி ரிமோட்டில் 24 என்று ஒளிரும்போது மேல் தட்டில் 31 இருப்பது சர்வ சாதாரணம்.

ஒரு வாரப் பதிவு சேர்ந்ததும் சராசரி எடுக்காதீர்கள். நடுமதிப்பையும் 95ஆவது சதமானத்தையும் (நூற்றில் 95 ஓட்டம் அதற்குள் முடிந்த நேரத்தையும்) எடுத்து, மணிவாரியாக ஒரு படம் போடுங்கள். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் இழுத்தால் பொதுவான ஒன்று காரணம்: ஏசி, கரன்ட், சுவிட்ச், பகிர்ந்த சர்வர். ஒரே மெஷின் மட்டும், கண்ட நேரத்தில் என்றால் அதன் வன்பொருள். மணி அடித்தாற்போல் ஒரே நேரத்தில் என்றால் யாரோ அட்டவணை போட்டு வைத்த வேலை. மதியத்தில் கூடி, மழை நாளில் காணாமல் போனால் சூடு.

சூடு

பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. இன்டெல் சிபியு பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டதும் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். எந்தப் பிழைச் செய்தியும் சோதனையில் வராது. லினக்ஸில் ஒவ்வொரு சிபியுவுக்கும் 'தெர்மல் த்ராட்டில்' என்ற அடைவு உண்டு; அதில் கோர், பேக்கேஜ் இரண்டுக்கும் தனித்தனி எண்ணிக்கை இருக்கும். சோதனைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை படித்துக் கழியுங்கள். பூஜ்யத்துக்கு மேல் வந்தால் வேகம் குறைந்திருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. விண்டோஸில் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் ப்ராசசர் பவர்' என்ற மூலத்திலிருந்து 37ஆம் எண் நிகழ்வு இருக்கிறதா பாருங்கள். ஃபர்ம்வேர் சிபியு வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று அது சொல்லும்.

சூட்டின் மூலம் மெஷினுக்குள் இருக்க வேண்டும் என்றில்லை. கணக்கைப் பாருங்கள்: தலா 150 வாட் இழுக்கும் பத்து மெஷின் என்றால் 1.5 கிலோவாட் ஹீட்டரை அறைக்குள் வைத்ததற்குச் சமம். ஒரு டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட் சூட்டை வெளியேற்றும். வெயில் சுவர் வழியாக வருவதையும் சேர்த்தாலும் ஓடும் வரை சமாளிக்கும். நின்றால்?

மெஷின்கள் யுபிஎஸ்ஸில் இருக்கும், ஏசி யுபிஎஸ் இல்லாமல் நேராக லைன் கரன்ட்டில் இருக்கும். ராத்திரி கரன்ட் போய் வந்தால் மெஷின்கள் எதுவும் நடக்காததுபோல் ஓடும். ஏசியில் ஆட்டோ ரீஸ்டார்ட் வசதி இல்லையென்றால், காலையில் ஆள் வந்து ரிமோட்டை அழுத்தும் வரை அது எழாது. விடிய விடிய அறை வெந்து, எல்லா மெஷினும் ஒன்றாக இழுத்திருக்கும். காலையில் வந்தவர் ஏசியைப் போட்டபின் எல்லாம் சரி. பதிவில் அறைச் சூடு இல்லையென்றால் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இன்னொன்று குறை மின்னழுத்தம். லைனின் கடைசியில் இருக்கும் கட்டடங்களில், கோடையில் தென்னந்தோப்புப் பம்ப்செட்டுகள் சேர்ந்து ஓடும் நேரத்தில் 230 வோல்ட் என்பது பேருக்குத்தான். கணினியின் பவர் சப்ளை இதைத் தாங்கிக்கொள்ளும். அகல வரம்புள்ளவை 100 வோல்ட் வரைகூட வேலை செய்யும். ஏசியின் ஸ்டெபிலைசர் அப்படியல்ல. உள்வரும் அழுத்தம் அதன் கீழ்வரம்புக்குக் கீழே போனதும் வெட்டிவிடும், திரும்ப வந்தாலும் கம்ப்ரசரைக் காக்கச் சுமார் மூன்று நிமிடம் பொறுத்துத்தான் விடும். அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் ஏசி ஒரு மணி நேரத்தில் பாதிகூட ஓடாது, ஆனால் உள்ளே விளக்கு எரிவதால் ஓடுவதுபோலவே தெரியும். ஸ்டெபிலைசரின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் உள்வரும் அழுத்தத்தின் கீழ்வரம்பைப் படியுங்கள். கம்ப்ரசர் எடுக்கும் கணத்தில் ஏசி பிளக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். வரம்பு 170 என்றும், கம்ப்ரசர் எடுக்கும்போது 165க்கு இறங்குகிறது என்றும் தெரிந்தால், கணினியைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. வரம்பு அகன்ற ஸ்டெபிலைசரோ இன்வெர்ட்டர் ஏசியோதான் மருந்து.

வெளி யூனிட்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கான்டாக்டருக்குள் (கம்ப்ரசருக்கு மின்சாரம் விடும் சுவிட்சுக்குள்) எறும்பு புகுந்து தொடுமுனைகளுக்கு நடுவில் நசுங்கிக் கிடக்கும்; கம்ப்ரசர் ஒரு தடவை எடுக்கும், ஒரு தடவை எடுக்காது. பல்லி சர்க்யூட் போர்டின் மேல் விழுந்து கருகியிருப்பதும் உண்டு. தோட்டத்தை ஒட்டிய கட்டடங்களில் இதை வருடத்துக்கு ஒரு முறையாவது பார்ப்பது நல்லது.

பிறகுதான் மெஷின். கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் மண்ணும் தென்னை நார்த்தூளும் ஜன்னல் இடுக்கில் வந்து, ஹீட்சிங்க் தகடுகளுக்கும் விசிறிக்கும் நடுவில் கம்பளிபோல் படியும். மேலே இருந்து பார்த்தால் விசிறி சுத்தமாகத் தெரியும். விசிறியைக் கழற்றினால்தான் அந்தப் படலம் கண்ணில் படும். பவரை எடுத்துவிட்டு, விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, காற்று வழக்கமாகப் போகும் திசைக்கு எதிராக ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் விசிறி அசுர வேகத்தில் சுற்றி பேரிங் போய்விடும். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்கும். நான்கைந்து வருடம் ஆன மெஷின் என்றால் தெர்மல் பேஸ்ட் (சிபியுவுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்திருக்கும். பழையதை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு முழுக்கத் துடைத்துவிட்டு, நடுவில் சிறு பட்டாணி அளவு வைத்து, திருகுகளைக் குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரு மூலையை மட்டும் முதலில் இறுக்கினால் ஹீட்சிங்க் சாய்ந்து, முன்னிலும் மோசமாகும்.

சூடு மாதிரியே தெரியும், ஆனால் கோளாறல்லாத ஒன்று இருக்கிறது. இன்டெல் சிபியுக்கள் தொடக்கத்தில் கூடுதல் மின்சாரம் எடுத்து வேகமாக ஓடும். பெரும்பாலும் 28 அல்லது 56 நொடிக்குப் பின் நீண்ட நேர வரம்புக்கு இறங்கும். அதனால் வரிசையில் முதலில் நிற்கும் சோதனை எப்போதும் வேகமாகவும், அதே சோதனை நடுவில் வந்தால் மெதுவாகவும் தெரியும். வேகத்தையே அளக்கும் மெஷினில் டர்போவை (இந்தக் கூடுதல் வேக வசதியை) அணைத்து, கவர்னரை (சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் அமைப்பை) 'பெர்ஃபார்மன்ஸ்' என்று வைத்துவிடுங்கள். மொத்தமாகக் கொஞ்சம் மெதுவாகும், ஆனால் எல்லா ஓட்டமும் ஒப்பிடத் தகுந்ததாகும். பாஸ், ஃபெயில் மட்டும் சொல்லும் மெஷினுக்கு இது தேவையில்லை.

சோதனை மேடையில் ராஸ்பெரி பை (ஒற்றைப் பலகைச் சிறு கணினி) இருந்தால் 'விசிஜென்சிஎம்டி கெட் த்ராட்டில்ட்' கட்டளையைக் கொடுங்கள். பதினாறடிமான எண்ணில் 50000 என்று வந்தால், கடைசியாக ஆன் செய்ததிலிருந்து எப்போதோ மின்னழுத்தம் குறைந்து வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இப்போதும் அதே நிலை. பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் சப்ளை வேண்டும். மொபைல் சார்ஜரும் மெல்லிய நீளக் கேபிளும் போதாது.

வட்டு

மலிவான எஸ்எஸ்டிகள் முதலில் வேகமான ஒரு சிறு பகுதியில் எழுதி, நேரம் கிடைக்கும்போது மெதுவான பகுதிக்கு மாற்றும். அந்தச் சிறு பகுதி நிறைந்துவிட்டால் எழுதும் வேகம் பலமடங்கு விழும். வட்டு நிறைய நிறைய அந்தப் பகுதியும் சுருங்கும். பழைய டாக்கர் இமேஜ்கள் (சோதனைச் சூழலின் சேமித்த நகல்கள்), தோற்ற சோதனைகளின் வீடியோப் பதிவுகள், லாக் என்று யாரும் அழிக்காமல் சேர்ந்து 90 சதவீதம் தாண்டியதும் ஆரம்பிக்கும் தொல்லை இது. குறைந்தது 20 சதவீதம் காலியாக இருக்கும்படி தினமும் பழையதை நீக்கும் வேலையை வையுங்கள். டிரிம் (அழிந்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் வேலை) ஓடுகிறதா என்றும் பாருங்கள். பல லினக்ஸ்களில் அது வாரம் ஒரு முறை, திங்கள் பிறக்கும் நள்ளிரவில் ஓடும்படி இருக்கும். மென்பொருள் ரெய்டு (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) வைத்திருந்தால், டெபியன், உபுண்டு வகைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு முழு வட்டையும் சரிபார்க்கும் வேலை தானாக எழும். மாதத்துக்கு ஒரு நாள் மட்டும் இழுக்கிறது என்றால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்.

'ஐஓஸ்டாட்' வெளியீட்டில் பயன்பாட்டுச் சதவீதத்தை விட, படிக்கவும் எழுதவும் ஆகும் காத்திருப்பு மில்லிநொடிதான் முக்கியம். எஸ்எஸ்டியில் ஒன்றிரண்டாக இருந்தது திடீரென்று நூறைத் தாண்டினால் 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளையால் வட்டின் நலத்தைப் பாருங்கள். அது காட்டும் பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்ணுள்ளவை (வட்டில் பழுதான இடங்களின் கணக்கு) ஏறினால் வட்டு போகப் போகிறது, தரவை இன்றே எடுத்துவிடுங்கள். 199 (தரவு கடத்தலில் வந்த பிழைகளின் கணக்கு) மட்டும் ஏறினால் வட்டைத் தூக்கி எறிய வேண்டாம். அது பெரும்பாலும் சாட்டா கேபிளின் குற்றம். கேபிளை மாற்றி அந்த எண் நிற்கிறதா பாருங்கள். பழைய எண்ணிக்கை குறையாது, மேலும் ஏறாமல் இருந்தால் போதும்.

நினைவகம், வலையமைப்பு, மற்றவை

ரீஸ்டார்ட்டால் குணமாகும் சுணக்கங்களில் பெரும்பங்கு நினைவகத்துடையது. சோதனை நடுவில் முறிந்தபோது மூடப்படாத குரோம், ஆண்ட்ராய்டு எமுலேட்டர் பின்னணியில் நின்றுவிடும். 'விஎம்ஸ்டாட்' வெளியீட்டில் எஸ்ஐ, எஸ்ஓ நெடுவரிசைகள் தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் கணினி ஸ்வாப்பில் (நினைவகம் போதாமல் வட்டைப் பயன்படுத்துவதில்) மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்தையும் தனி சிக்ரூப்பிலோ கன்டெய்னரிலோ (புரோகிராம்களைத் தனிக் குழுவாகப் பிரித்து வைக்கும் லினக்ஸ் வசதிகள்) வைத்து, முடிந்ததும் உள்ளே இருக்கும் அத்தனையையும் கொன்றுவிடுவதுதான் நிலையான வழி.

வலையமைப்பில் முதலில் இணைப்பின் வேகத்தைக் காட்டும் 'ஈத்டூல்' கட்டளை. வேகம் 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று வந்தால் கேபிளிலோ கிரிம்பிங்கிலோ (கேபிள் முனையில் பிளக்கைப் பொருத்தியதில்) கோளாறு. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். எலி ஒன்றைக் கடித்தாலும், பச்சை படிந்து ஒரு முனை தொட்டும் தொடாமலும் இருந்தாலும், இரண்டு ஜோடியில் ஓடும் 100க்கு இறங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தில் இந்தப் பச்சை படிவது அதிகம். முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள்.

சுணக்கம் 5 நொடி, 10 நொடி என்று ஐந்தின் மடங்காகவே வந்தால் டிஎன்எஸ்ஸைப் பிடியுங்கள். லினக்ஸின் பெயர்தேடல் ஒரு சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால் 5 நொடி காத்துத்தான் அடுத்ததைக் கேட்கும். முதல் சர்வர் அவ்வப்போது பேசாமல் இருக்கிறது என்று பொருள். உள்ளேயே ஒரு டிஎன்எஸ் கேஷ் வைத்தால் தீரும். சோதனைக்கு வேண்டிய பேக்கேஜ்களை ஒவ்வொரு தடவையும் இணையத்திலிருந்து இறக்குவதையும் நிறுத்தி, உள்ளூர் நகலிலிருந்து எடுங்கள். பிராட்பேண்டின் மனநிலை சோதனை முடிவில் தெரியக் கூடாது.

விண்டோஸில் ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன், அப்டேட், தேடல் அட்டவணையாக்கம் மூன்றையும் சோதனை இல்லாத நேரத்துக்குத் தள்ளுங்கள். பில்டு நடக்கும் ஃபோல்டரை மட்டும் டிஃபென்டரின் விலக்குப் பட்டியலில் சேர்த்தால் போதும், பாதுகாப்பையே அணைக்க வேண்டாம். மெய்நிகர் கணினி என்றால் விஎம்ஸ்டாட்டின் எஸ்டி நெடுவரிசையைப் பாருங்கள். அது ஏறினால் உங்களுக்கு வர வேண்டிய சிபியு நேரத்தைப் பக்கத்து மெய்நிகர் கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது.

அரிதானது, ஆனால் தலையைச் சுற்றவைப்பது: கெர்னல், சிபியுவுக்குள் இருக்கும் டிஎஸ்சி கடிகாரத்தை நம்ப முடியாது என்று முடிவுசெய்து ஹெச்பெட் என்ற மெதுவான கடிகாரத்துக்கு மாறிவிடும். மணி கேட்பதே மெதுவாகிவிடுவதால், அடிக்கடி நேரம் பார்க்கும் நிரல்கள் மட்டும் இழுக்கும், மற்றவை நன்றாக ஓடும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில் 'டிஎஸ்சி அன்ஸ்டேபிள்' என்று தேடுங்கள். இதுவும் ரீஸ்டார்ட்டில் மறையும். பயாஸ் புதுப்பித்தல் பல நேரம் தீர்க்கும்.

காரணம் இதுதானா என்று உறுதிசெய்தல்

இழுக்கும் மெஷினையும் நன்றாக ஓடும் மெஷினையும் இடம் மாற்றி வையுங்கள்: அதே தட்டு, அதே பிளக், அதே சுவிட்ச் போர்ட். சுணக்கம் மெஷினோடு போனால் கோளாறு அதற்குள். பழைய இடத்திலேயே தங்கினால் காற்றோட்டம், பிளக், கேபிள். செலவில்லாத இந்த ஒரு வேலை பல வார வாதத்தை மிச்சப்படுத்தும். அதன்பின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பேஸ்ட்டையும் கேபிளையும் ஒரே நாளில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. அடுத்த மெஷினுக்கும் இரண்டையும் செய்ய வேண்டிவரும்.

எத்தனை ஓட்டம் நன்றாக ஓடினால் சரியாகிவிட்டது என்று சொல்லலாம்? இருபதுக்கு ஒன்று இழுத்துக்கொண்டிருந்த மெஷின் என்றால், ஒன்றுமே சரிசெய்யாவிட்டாலும் அடுத்த இருபது ஓட்டமும் நன்றாக அமைய 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இருபது பச்சையைப் பார்த்து மூடிவிடாதீர்கள். அறுபது ஓட்டம் தொடர்ந்து நன்றாக இருந்தால் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே வரும். சூடு சம்பந்தப்பட்டது என்றால் அந்த அறுபதில் பாதியாவது மதியம் பன்னிரண்டுக்கும் நான்குக்கும் இடையில் ஓட வேண்டும். மார்கழியில் சரிசெய்ததைப் பங்குனியில் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்த பிறகே டிக்கெட்டை (கோளாறுக்காகத் திறந்த புகார்ப் பதிவை) மூடுங்கள்.